என் மூச்சை எண்ணிப் பார்த்தது ஏழாம் நாள்தான்

நிமோனியாவில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பி நாலு மாதம் ஆகிறது. இதை எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன், அந்த முதல் வாரத்தை நினைத்ததும் கோபம் வந்து எழுந்து போய்விடுவேன். இப்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. எனக்கு வயது 46, தனியாக வசிக்கிறேன். சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. நிமோனியா என்றால் பச்சைக் குழந்தைக்கும் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கும் வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்கு வெளியிலேயே தொற்றும் நிமோனியாவை டாக்டர்கள் தனி வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது தொற்றுவதற்கும் இதற்கும் கிருமிகள் வேறு, மருந்து வேறு, எடுக்க வேண்டிய டெஸ்ட்டுகளும் வேறு. எனக்கு வந்தது இந்த வெளி வகை. அதைக் கண்டுபிடிக்க ஏழு நாள் ஆனது, மூன்று மாதச் சம்பளம் போனது. பணத்தில் ஒரு பெரும்பங்கு, எடுத்திருக்கவே வேண்டாத டெஸ்ட்டுகளுக்கும் தப்பான நேரத்தில் எடுத்த டெஸ்ட்டுகளுக்கும் போனது என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

ஞாயிறு இரவு ஆரம்பித்தது. பல் கிட்டித்துப்போகும் அளவுக்கு ஒரு குளிர் நடுக்கம், அரை மணி நேரம் கட்டிலே ஆடியது. இரண்டு போர்வை போர்த்தியும் அடங்கவில்லை. அப்புறம் காய்ச்சல். திங்கள்கிழமை பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். போன தடவை பல் வலிக்குக் கொடுத்ததில் மிச்சமான அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கேப்சூல் நாலு இருந்தது. அதையும் இரண்டு நாளைக்குக் காலை மாலை என்று போட்டுக்கொண்டேன். இந்த இடத்தில் நின்று சொல்லிவிடுகிறேன், இதுதான் நான் செய்த மிகப் பெரிய தவறு. அந்த நாலு கேப்சூல் நோயைக் குணப்படுத்தப் போதாது. ஆனால் காய்ச்சலை ஒன்றரை நாள் அமுக்கி வைத்து என்னை ஏமாற்றவும், பின்னால் சளியிலும் ரத்தத்திலும் கிருமியை வளர்த்துப் பார்க்க முயன்றபோது எதுவும் வளராமல் தடுக்கவும் அது தாராளமாகப் போதும். ஆன்டிபயாடிக் உள்ளே போன சில மணி நேரத்திலேயே சளிக் கல்ச்சரில் கிருமி கிடைக்கும் வாய்ப்பு குறைய ஆரம்பித்துவிடுகிறது. வீட்டில் மிச்ச மாத்திரை இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை இடது பக்க நெஞ்சில் குத்தல். மூச்சை ஆழமாக இழுத்தால் கத்தி செருகியது போல, மேலோட்டமாக மூச்சு விட்டால் கொஞ்சம் தாங்கலாம். இடது பக்கம் என்றதும் மாரடைப்பு பயம் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த கிளினிக்குக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் பார்த்தார்கள், இரண்டும் சரியாக இருந்தன. அதில் எனக்குக் குறையில்லை, நெஞ்சு வலி என்று போனால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயும் ஒன்று எடுத்து, நுரையீரல் தெளிவாக இருக்கிறது, தசைப்பிடிப்புதான் என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருவரும் என் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறேன் என்று எண்ணவில்லை. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினார்கள், 94 என்று காட்டியது, பரவாயில்லை என்றார்கள். 46 வயதில், நுரையீரலில் எந்த நோயும் இல்லாத எனக்கு 94 என்பது வழக்கத்தைவிடக் குறைவு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த எக்ஸ்ரேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் நாலு நாளைத் தொலைத்தேன். நிமோனியா என்று உறுதிசெய்ய ஆதாரமே எக்ஸ்ரேயில் தெரியும் வெண்ணிழல்தான், அது உண்மை. காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரியும், சீழும் நீரும் நிறைந்த பகுதி வெள்ளையாகத் தெரியும். ஆனால் நேருக்கு நேர் எடுக்கும் படத்தில் இடது நுரையீரலின் அடிப்பகுதியில் கணிசமான பாகம் இதயத்தின் நிழலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்தால்தான் அந்த இடம் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் முதுகெலும்பு மேலிருந்து கீழே வர வர கறுத்துக்கொண்டே வர வேண்டும், கீழே வந்ததும் வெளுத்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பின்னால் ஒரு டாக்டர் என் படத்தை வைத்தே காட்டினார். இன்னொன்று, நோய் தொடங்கிய முதல் ஓரிரு நாளில் எக்ஸ்ரேயில் எதுவுமே தெரியாமல் போகலாம். அறிகுறிகள் நிமோனியா மாதிரியே இருந்தால், நார்மல் என்று வந்த படத்தோடு விட்டுவிடாமல் ஒன்று இரண்டு நாள் கழித்துத் திரும்ப எடுப்பார்கள், அல்லது அல்ட்ராசவுண்டோ சிடி ஸ்கேனோ பார்ப்பார்கள். ஆகவே "எக்ஸ்ரே நார்மல்" என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். பக்கவாட்டுப் படமும் எடுத்தீர்களா? காய்ச்சல் நிற்காவிட்டால் எந்த நாளில் திரும்ப எடுக்க வேண்டும்? நான் கேட்கவில்லை. தசைப்பிடிப்புதான் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

புதன்கிழமை மாலை காய்ச்சல் திரும்ப வந்தது. இப்போது இருமலும் சேர்ந்துகொண்டது, சளி துரு நிறத்தில். இன்னொரு டாக்டரைப் பார்க்காமல் நானாக ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய், காய்ச்சலுக்கான மொத்த பேக்கேஜ் என்று பட்டியல் போட்டு வைத்திருந்ததை எடுத்தேன். தைராய்டு, கொழுப்பு, வைட்டமின் எல்லாம் அதில் இருந்தது. காய்ச்சலில் துவண்டு கிடந்த எனக்கு வைட்டமின் அளவு எதற்கு என்று அப்போது தோன்றவில்லை, நிறைய டெஸ்ட் என்றால் நிறையத் தெரியும் என்று நம்பினேன். ரிசல்ட் வியாழன் இரவு போனில் வந்தது. வெள்ளை அணுக்கள் 17,000, சிஆர்பி 180. சிவப்பு எழுத்தில் எட்டு வரி, விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அந்த இரவு முழுக்க ஒவ்வொரு வரியாகத் தேடித் தேடிப் படித்து, விடிவதற்குள் எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று முடிவு செய்திருந்தேன். தனியாக இருப்பவர்களுக்கு அந்த இரவு எப்படிப்பட்டது என்று தெரியும்.

சிஆர்பி என்பது உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும் எண். எங்கே என்றும் சொல்லாது, எந்தக் கிருமி என்றும் சொல்லாது. ஆனால் இருமலோடு வந்தவரைப் பரிசோதித்துவிட்டு, இது நிமோனியாவா சாதாரண மார்புச் சளியா என்று தடுமாறும் டாக்டருக்கு அது உதவும். பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு 2014-இல் தந்த வழிகாட்டலில், லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் வழக்கமாக ஆன்டிபயாடிக் வேண்டாம், 100-க்கு மேலே என்றால் கொடுங்கள், நடுவில் இருந்தால் சீட்டை எழுதிக் கொடுத்து நிலைமை மோசமானால் மட்டும் வாங்கச் சொல்லுங்கள் என்று இருந்தது. அப்படிப் பார்த்தால் என் 180 ஒரு நல்ல தடயம்தான். ஆனால் என்னைத் தொட்டுப் பார்த்த ஒருவர் கையில் அது இல்லை, என் போனில் இருந்தது. வெள்ளிக்கிழமை வேறொரு டாக்டரிடம் காட்டினேன். கிருமித் தொற்று இருக்கிறது, எங்கே என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, முந்தாநாள் எடுத்ததில் பாதியைத் திரும்ப எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இன்னொரு நாள் போனது.

சனிக்கிழமை அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பாதியில் அவள் நிறுத்தினாள். "நீ ஒரு வாக்கியத்தை முடிக்க மூணு தடவை மூச்சு வாங்கறே. போனை வெச்சுட்டு இப்பவே எமர்ஜென்சிக்குக் கிளம்பு" என்றாள். எனக்கே தெரியவில்லை, மெதுவாகக் கூடியதால் பழகிப்போயிருந்தது. எமர்ஜென்சியில் ஒரு இளம் டாக்டர். வந்ததும் பேசவில்லை, என் கையைப் பிடித்து நாடி பார்ப்பது போல நின்றுகொண்டு ஒரு நிமிடம் முழுக்க என் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணுகிறேன் என்று சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடுமாம். 28 என்று குறித்தார். சாதாரணமாக 12-இலிருந்து 20-க்குள் இருக்க வேண்டியது. ஆக்சிஜன் 90. உட்காரச் சொல்லி முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், இடது பக்கம் கீழே வந்ததும் அங்கேயே நிறுத்தி இரண்டு மூன்று தடவை மூச்சை இழுக்கச் சொன்னார். "இங்கே இருக்கும்மா. பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்" என்றார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. ஏழு நாளாக நான் எதைத் தேடி அலைந்தேனோ அதை அவர் ஒரு கடிகாரத்தையும் ஒரு ஸ்டெதஸ்கோப்பையும் வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன், பயத்தில் இல்லை.

இதைப் படிப்பவர்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதாக இருந்தால் மூச்சை எண்ணுவதை வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவரின் மார்போ வயிறோ ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. பதினைந்து நொடி எண்ணிப் பெருக்காமல் முழு நிமிடம் எண்ணுங்கள், அவருக்குத் தெரியாமல் எண்ணுங்கள். 30-ஐத் தொட்டால் அது ஆபத்தின் அடையாளம், 20-க்கு மேல் நிற்கிறது என்றாலே டாக்டரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் நல்லது, ஆனால் விரல் சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தப்பாகக் காட்டும், கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டலாம் என்று 2020-இலிருந்து நிறையப் பேசப்படுகிறது. ஆகவே எண் நன்றாக இருக்கிறதே என்று மூச்சுத் திணறலை அலட்சியப்படுத்த வேண்டாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லாமலேகூட நிமோனியா வரும். திடீரென்று பேச்சு குழம்புவது, சாப்பிட மறுப்பது, காரணமில்லாமல் விழுவது, இவை மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

அட்மிட் செய்வதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய கர்ப்-65 என்று ஒரு கணக்கு இருக்கிறது. மனக்குழப்பம் இருந்தால் ஒன்று, ரத்த யூரியா லிட்டருக்கு 7 மில்லிமோலைத் தாண்டினால் ஒன்று, மூச்சு 30 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் குறைவாகவோ கீழ் எண் 60 அல்லது அதற்கும் குறைவாகவோ இருந்தால் ஒன்று, வயது 65 அல்லது மேலே என்றால் ஒன்று. பூஜ்யம் ஒன்று என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே சிகிச்சை, இரண்டு என்றால் ஆஸ்பத்திரி பற்றி யோசிக்க வேண்டும், மூன்றும் மேலும் என்றால் தீவிரம். எனக்கு ரத்த அழுத்தம் 104-க்கு 58, ஆகவே ஒன்றே ஒன்றுதான் வந்தது. கணக்குப்படி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கில் ஆக்சிஜன் அளவு சேரவில்லை. 90-இல் இருப்பவரை நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று அந்த டாக்டர் சொன்னார். மார்க் குறைவாக வந்தாலும் தனியாக இருப்பவரா, மாத்திரையை வாந்தி எடுக்காமல் விழுங்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களும் அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

அப்புறம் கிருமியைத் தேடும் வேலை. இங்கேதான் நான் புரிந்துகொள்ள வெகுநாள் ஆனது. நிமோனியா என்று உறுதிசெய்வது ஒரு கேள்வி, எவ்வளவு தீவிரம் என்பது இன்னொரு கேள்வி, எந்தக் கிருமி என்பது மூன்றாவது. லேசான நிமோனியாவுக்கு வீட்டிலேயே மாத்திரை சாப்பிடப் போகிறவருக்கு அந்த மூன்றாவது கேள்வி பெரும்பாலும் தேவையே இல்லை. வழக்கமான கிருமிகளை மனதில் வைத்து மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், அநேகமாகக் குணமாகிவிடும். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கமும் தொற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலும் அதைத்தான் சொல்கிறது: வெளிநோயாளிகளுக்குச் சளிக் கல்ச்சரும் ரத்தக் கல்ச்சரும் வழக்கமாக வேண்டாம். தீவிர நிமோனியா என்றால் எடுங்கள். வழக்கமான மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ, சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் முன்பு வந்திருந்தால், அவற்றுக்கு மருந்து தொடங்குவதாக இருந்தால், கடந்த 90 நாளில் ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி வழியாக ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் எடுங்கள். ஃப்ளூ பரவும் காலமாக இருந்தால் ஃப்ளூ டெஸ்ட் எடுங்கள், ஏனென்றால் அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

எல்லா டெஸ்ட்டும் எடுத்தால்கூட விடை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2015-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நிமோனியாவோடு ஐந்து ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த சுமார் 2,300 பெரியவர்களிடம் கல்ச்சர், சிறுநீர் டெஸ்ட், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் என்று விரட்டி விரட்டித் தேடியும் 38 சதவீதம் பேரிடம்தான் ஏதாவது ஒரு கிருமி பிடிபட்டது. கிடைத்ததிலும் பாக்டீரியாவைவிட வைரஸ்தான் அதிகம். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் "ஒன்றும் வளரவில்லை" என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

எனக்கு ஆக்சிஜன் வேண்டியிருந்தது, மாத்திரை சாப்பிட்டுக் கெடுத்தும் வைத்திருந்தேன், அதனால் எடுத்தார்கள். இரண்டு கையிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்து நாலு பாட்டிலில் அடைத்தார்கள், அதற்குப் பிறகுதான் முதல் ஊசி. இந்த வரிசை முக்கியம். அதற்காகக் கல்ச்சர் எடுக்க ஆள் வரட்டும் என்று ஊசியை மணிக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தப்பு, மோசமான நிலையில் இருப்பவருக்கு மருந்துதான் முதலில். சளிக்கு ஒரு டப்பாவைக் கொடுத்து நர்ஸ் போய்விட்டார். நான் வாயில் வந்ததைத் துப்பிக் கொடுத்தேன். மறுநாள் ரிப்போர்ட், மாதிரி சரியில்லை, எச்சில். நுண்ணோக்கியில் பார்க்கும்போது வாயின் உள்தோல் செல்கள் அதிகமாக இருந்தால் அது நுரையீரலிலிருந்து வந்த சளி இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு பார்வைப் பரப்பில் அந்தச் செல் பத்துக்குக் குறைவாகவும் வெள்ளை அணு இருபத்தைந்துக்கு மேலும் இருந்தால்தான் நல்ல மாதிரி. எப்படிக் கொடுப்பது என்று வயதான ஒரு நர்ஸ் இரண்டாம் தடவை சொல்லிக் கொடுத்தார். வெறும் தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, நேராக உட்கார்ந்து, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்சிழுத்து, வயிற்றிலிருந்து இருமி வருவதைத்தான் டப்பாவில் விட வேண்டும். கெட்டியாக, மஞ்சளாகவோ துரு நிறமாகவோ இருந்தால் சரி. உடனே ஆய்வகத்துக்குப் போக வேண்டும், ஜன்னலோரம் வெயிலில் வைக்கக் கூடாது. அந்த மாதிரியைக் கிராம் சாயம் போட்டுப் பார்த்தார்கள். 1884-இல் கிராம் என்ற டென்மார்க் டாக்டர் இந்தச் சாய முறையைக் கண்டுபிடித்ததே, நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் கிருமியைத் தெளிவாகப் பார்ப்பதற்காகத்தான் என்று பின்னால் படித்தேன். அதைப் படித்தபோது என்னவோ அந்தச் சளி டப்பா மேல் ஒரு மரியாதை வந்தது. என் இரண்டாம் மாதிரியில் வெள்ளை அணு நிறைய இருந்தது, கிருமி எதுவும் வளரவில்லை, அந்த நாலு கேப்சூலும் அதற்குள் போட்டிருந்த ஊசியும் செய்த வேலையாக இருக்கலாம்.

விடை வந்தது சிறுநீரிலிருந்து. நிமோனியாவின் பழைய எதிரியான நியூமோகாக்கஸ் கிருமியின் மேலுறையிலிருந்து உதிரும் பொருள் சிறுநீரில் இறங்கும், அதைக் கர்ப்ப டெஸ்ட் பட்டை மாதிரி ஒரு பட்டையில் கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாலும் இது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் கிருமி உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பாசிட்டிவ் என்றால் நம்பலாம், நெகட்டிவ் என்றால் அந்தக் கிருமி இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில வாரங்களுக்கு முன்னால் அதே கிருமியால் நிமோனியா வந்திருந்தாலும், நியூமோகாக்கஸ் தடுப்பூசி போட்டு ஒரு சில நாளே ஆகியிருந்தாலும் பாசிட்டிவ் காட்டக்கூடும், ஆகவே அதை மறக்காமல் சொல்ல வேண்டும். இதே போல லீஜியோனெல்லா என்ற இன்னொரு நிமோனியாக் கிருமிக்கும் சிறுநீர் டெஸ்ட் உண்டு. 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய பிறகுதான் அந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணக் கல்ச்சர் தட்டில் அது வளராது, சிறுநீர் டெஸ்ட்டும் அதன் முதல் வகையைத்தான் முக்கியமாகப் பிடிக்கும். அண்மையில் பயணம் போய் விடுதியில் தங்கியிருந்தாலோ, கூட இருந்தவர்களுக்கும் நிமோனியா வந்திருந்தாலோ டாக்டர் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் இரவு நடந்ததை மறக்க முடியாது. பதினோரு மணிக்கு ட்யூட்டி டாக்டர் வந்து, ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்கிறது, ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி தெரிகிறது, மருந்தைக் கூட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரத்தத்தில் கிருமி! அக்காவுக்குப் போன் செய்து வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது, வங்கிக் கணக்கு எது என்றெல்லாம் சொல்லிவிட்டேன். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்தார்கள். அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் தினமும் ரத்தப் பரிசோதனை. மூன்று நாள் கழித்து விஷயம் தெரிந்தது. நாலு பாட்டிலில் ஒன்றில் மட்டும்தான் வளர்ந்திருந்தது, அதுவும் எல்லோர் தோலிலும் இருக்கும் சாதுவான ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை. ஊசி குத்தும்போது தோலிலிருந்து பாட்டிலுக்குள் போனது. அந்த மூன்று நாளும் மருந்தும் படுக்கையும் வீண். பயம் தனி. யாராவது கல்ச்சர் பாசிட்டிவ் என்று சொன்னால் எத்தனை பாட்டிலில், எந்த வகை, தோலிலிருந்து வந்திருக்க வாய்ப்புண்டா என்று கேளுங்கள். ஒன்றில் வளர்ந்ததையெல்லாம் உதாசீனப்படுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. நியூமோகாக்கஸ் ஒரே பாட்டிலில் வளர்ந்தாலும் அது நிஜம். முடிவு தெரியும்வரை மருந்து கொடுத்தது சரிதான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இதற்கு இப்படியும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று அந்த இரவே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

காசநோய்க்கும் சளி கேட்டார்கள். முதலில் எனக்குக் கோபம்தான், இது வேறா என்று. ஆனால் காரணம் நியாயமானது. காசநோய் சில சமயம் சாதாரண நிமோனியா போலவே வந்து நிற்கும். நிமோனியாவுக்குக் கொடுக்கும் லீவோஃப்ளாக்சசின் குடும்பத்து ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவதால், தெரியாமல் அதைக் கொடுத்தால் கொஞ்ச நாள் தேறியது போலத் தெரிந்து நோய் உள்ளே வளரும். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், எடை குறைவு, இரவில் வியர்வை இருந்தால், அல்லது காசநோய் அதிகமுள்ள இடத்தில் வசித்தால், ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் போடுவதற்கு முன் சளியில் ஜீன் எக்ஸ்பர்ட் போன்ற டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது, கருவியில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். எனக்கு நெகட்டிவ் வந்தது.

மூக்கில் குச்சி விட்டு ஒரே தடவையில் இருபது கிருமியைத் தேடும் பிசிஆர் பேனலும் எடுக்கச் சொன்னார்கள், தனி டெஸ்ட்டுகளில் இதற்குத்தான் அதிகச் செலவு. ரைனோவைரஸ் என்று வந்தது, ஜலதோஷக் கிருமி. அதற்குள் சிறுநீரில் விடை வந்து மருந்தும் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. இந்த ரிசல்ட்டால் ஒரு மாத்திரைகூட மாறவில்லை. மூக்கில் வைரஸ் இருப்பதால் நுரையீரலில் இருப்பதும் அதுதான் என்று ஆகாது, பாக்டீரியா இல்லை என்றும் ஆகாது. ஐசியுவில் இருப்பவருக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் அந்தப் பேனல் உயிர்காக்கும் கருவியாக இருக்கலாம். எனக்கு வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன்: "டாக்டர், இது பாசிட்டிவ் வந்தால் என்ன மாற்றுவீர்கள், நெகட்டிவ் வந்தால் என்ன மாற்றுவீர்கள்?" மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாக்டீரியாத் தொற்றா என்று ஊகிக்க உதவும் ப்ரோகால்சிடோனின் என்ற ரத்த டெஸ்ட்டைப் பற்றிக் கேட்டபோது பெரிய டாக்டர் சிரித்துவிட்டு, ஆரம்பத்தில் அது குறைவாக வந்தாலும் உங்களுக்கு ஆன்டிபயாடிக்கை நிறுத்தியிருக்க மாட்டேன், ஆகவே வேண்டாம் விடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு கூத்து நடந்தது. பத்தாவது நாள், காய்ச்சல் இல்லை, நன்றாக நடக்கிறேன், ஆனாலும் மனசு கேட்காமல் நானாக ஒரு எக்ஸ்ரே எடுத்தேன். வெண்ணிழல் அப்படியே இருந்தது, ரிப்போர்ட்டில் கட்டி இல்லை என்று உறுதிசெய்யவும் என்று ஒரு வரி. சிடி ஸ்கேன் எடுத்தேன், ஒரு வாரம் தூக்கமில்லை, கடைசியில் ஆறிக்கொண்டிருக்கும் நிமோனியா என்றார்கள். உடம்பு தேறிய வேகத்துக்குப் படம் தேறாது. பல வாரம் ஆகும், வயதானவர்களுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். ஒரு வாரத்துக்குள் நன்றாகத் தேறியவர்களுக்குத் திரும்ப எக்ஸ்ரே வழக்கமாகத் தேவையில்லை என்கிறது அந்த 2019 வழிகாட்டல். புகைப்பவர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், அறிகுறி விடாமல் இருப்பவர்கள் ஆறு வாரம் வாக்கில் எடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் எப்போதாவது நிமோனியாவுக்குப் பின்னால் ஒரு கட்டி ஒளிந்திருக்கும். ஆனால் மருந்து தொடங்கி மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் குறையாவிட்டால் அது வேறு கதை, காத்திருக்கக் கூடாது. நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ கோத்திருக்கலாம், அதை அல்ட்ராசவுண்டில் படுக்கையிலேயே பார்த்துவிடலாம். எனக்கும் மூன்றாம் நாள் பார்த்தார்கள், மெல்லிய கோடு போலக் கொஞ்சம் நீர், ஊசி போட்டு எடுக்கத் தேவையில்லை என்றார்கள்.

இன்னொன்று, டிஸ்சார்ஜ் ஆகும்போது எல்லா ரிசல்ட்டும் வந்திருக்காது. ரத்தக் கல்ச்சரை வழக்கமாக ஐந்து நாள் வைத்திருந்து பார்ப்பார்கள், காசநோய்க் கல்ச்சர் ஆறு வாரம்கூடப் போகும். ஆரம்பத்தில் வரும் நெகட்டிவ் கடைசி முடிவு ஆகாது. எது எது பாக்கி, யார் பார்ப்பார்கள், பாசிட்டிவ் வந்தால் எந்த எண்ணுக்கு எனக்குச் சொல்வார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஆறாம் வாரம் யாரும் கூப்பிடவில்லை. நானே ஆய்வகத்துக்குப் போன் செய்து நோயாளி எண்ணைச் சொன்னேன், ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒரு பெண் திரும்ப வந்து, "எதுவும் வளரலை மேடம், ஃபைனல் ரிப்போர்ட்" என்றாள். அந்தத் தாளில் கடைசி வரியையும் அடித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.